எலியின் இடுப்பில் ஒரு ஜன்னல்

பதுளை பஸ் நிலையம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ரொஷானிக்கு,

அப்பா அற்புதராஜ் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். டென்மார்க் குளிரில் நீயும் சுகமாயிருக்க நித்தமும் வேண்டிக்கொள்கிறோம். நாங்கள் சுகம் என்று எழுதியது கடிதத்துக்குரிய மரியாதைக்காக, அதை நம்பிவிடாதே. உன் அப்பாவுக்குக் கிட்னி போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். அவளைக் கலங்கவைக்கக் கூடாது. அதனால்தான் இரத்தமும் மற்றதும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள்.

எல்லாம் நீ அனுப்பிய அந்த வீடியோவால் வந்த வினை. "அப்பா, எலிக்கு மயக்க மருந்து குடுத்திருக்கோம், வலி தெரியாது. இடுப்புல சின்னதா ஒரு கண்ணாடி ஜன்னல் வச்சு, மைக்ரஸ்கோப்புல அதோட கிட்னி வேலை செய்றத உயிரோடவே பாக்குறோம்" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! ஆண்டவர் தோலால் மூடிவைத்ததை ஜன்னல் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். மஹியங்கனைப் பக்கம் கடை வைத்திருந்த உன் சஜீவன் மாமா, இன்ன காரணம் என்று யாரும் சொல்லாமலே கிட்னி போய்ச் செத்ததால்தான் நீ இந்தப் படிப்புக்குப் போனாய் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் வீடியோவைப் பார்த்தேன். இரத்தம் சிவப்பாக ஓடுகிறது, நீ ஏற்றிய பச்சைச் சாயம் வடிந்து குழாய் குழாயாக இறங்குகிறது, கடைசியில் ஒரே ஒரு குழாயில் மட்டும் பச்சை தயங்கி நிற்கிறது, அத்தோடு வீடியோ முடிந்துவிடுகிறது. அப்புறம் என்ன ஆயிற்று என்று நீயும் சொல்லவில்லை. அந்தக் குழாய் என் மனதில் அடைத்துக்கொண்டது.

இது போதாதென்று உன் அம்மா ஒரு காரியம் செய்தாள். மகளின் ஆராய்ச்சி நல்லபடி நடக்க ஜெபிக்கட்டும் என்று அந்த வீடியோவை மாதர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். அனுப்பியவள் ஒரு வரி எழுதினாளா? இல்லை. வெறும் கும்பிட்ட கை ஒன்று. சளிக்காய்ச்சலால் அந்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போகவில்லை. வேறென்ன வேண்டும்? அது என்னுடைய ஸ்கேன் என்று ஹல்துமுல்லை வரைக்கும் பரவிவிட்டது. மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க வருவது போல மேல் லயத்து வீட்டார், கீழ் லயத்து வீட்டார் எல்லாரும் பிஸ்கட் பெட்டியும் மால்ட் டின்னுமாக வந்து நின்றார்கள். போதகர் என் இடுப்பின் இரண்டு பக்கமும் கைவைத்து ஜெபித்தார். எனக்கு அங்கே கூச்சம் என்பது உனக்குத் தெரியும். நான் நெளிந்ததை ஆவியானவர் அசைவாடுகிறார் என்று எடுத்துக்கொண்டு பாட்டை இன்னும் உரக்கப் பாடினார்கள். "ஐயா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று கத்தினேன். "பாத்தீங்களா, இதுதாங்க விசுவாசம்!" என்றார் போதகர். நான் மறுக்க மறுக்க என் விசுவாசம் வளர்ந்துகொண்டே போனது.

வந்தவர்கள் எல்லாரும் போகும்போது அம்மாவிடம் மெதுவாக, "அண்ணனுக்கு மொகம் வீங்கித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணாடியில் பார்த்தேன், வீங்கித்தான் இருந்தது. பிறந்ததிலிருந்தே அப்படித்தானா என்பது இப்போது நினைவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்குச் சொன்னவன் நான். எனக்கு வந்தபோது இருமினாலும் கிட்னி, ஏப்பம் வந்தாலும் கிட்னி. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவனுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதானே? காலையில் கழித்ததைக் கண்ணாடி கிளாஸில் பிடித்து, பக்கத்தில் நல்ல சாயத்தில் ஒரு தேத்தண்ணியையும் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் போதகர் மறுபடியும் வந்தார். பாடிக் களைத்த மனுஷன் ஜன்னலில் இருந்த கிளாஸுக்குக் கையை நீட்டினார். "ஐயா, அது தேத்தண்ணி இல்லீங்க!" என்று அம்மா அலறினாள். "பின்ன?" என்றார். "அவருதுங்க." போதகர் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு வியாதி புத்தியிலும் ஏறிவிட்டதென்று அதற்கும் சேர்த்து ஒரு ஜெபம் செய்தார்.

அதற்கு மேல் தாங்காமல் இன்று பதுளைக்கு வந்தேன். துணைக்கு வந்த அம்மா செருப்பு இறுக்குகிறது, கால் கடுக்கிறது என்று வழியெல்லாம் நின்று நின்று வந்தாள். நோயாளி நான், அவளுக்காக நான் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊசியைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டியது. "நீ முதல்ல குத்திக்க பவுலினா, அப்பறம் நான் குத்திக்கிறேன்" என்று கெஞ்சினேன். "இந்த ஆளோட குடும்பம் நடத்துனதுக்கு இது வேறயா" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அவளுடைய இரத்தத்தையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் எனக்குத் தைரியம் வந்தது.

ஆகையால் மகளே, நான் சொல்வது இதுதான். எலி போதும். ஊர் பேர் தெரியாத எலியின் கிட்னியைக் காவல் காக்கிறவள், பெற்ற அப்பனின் கிட்னியைப் பார்க்க வேண்டாமா? எலிப் பெட்டியை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறு. எனக்குச் சாக பயமாக இருக்கிறது. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, அவள் தாங்கமாட்டாள்.

உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காத்துக்கொள்வாராக. உன் பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல். எலிக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அப்பா,
அற்புதராஜ்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். முடிவு வந்துவிட்டது. என் கிட்னிக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுடையதுதான் சரியில்லை. பாதிகூட வேலை செய்யவில்லையாம், கால் வீக்கம் அதனால்தானாம், உடனே கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவளோ, "விடுங்க, வீடு நெறைய ஜெபம் பண்ணிட்டுத்தான போயிருக்காங்க, ஆளு மட்டுந்தான மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, எனக்கென்று வாங்கிய தோடம்பழத்தை உரித்துக் கொடுக்கிறாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். மேலே எழுதிய பயமெல்லாம் விளையாட்டு மகளே, இப்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வராதே. அந்த எலியை விட்டு ஓர் அடி நகராதே. அந்தக் கடைசிக் குழாயில் பச்சை நின்றுபோனதே, அது அப்புறம் ஓடியதா இல்லையா? அதை மட்டும் எனக்குச் சொல்.