கத்திரி அக்காவும் மூடிய கேட்டுகளும்

"பொம்மனஹள்ளிக்கு அந்தாண்ட என்னம்மா இருக்கு? மூடின ஃபேக்டரியும் முள்ளுச் செடியும். அதைப் பாக்க யாரு வருவாங்க?"

கேட்டவர் கேப்டன். ராணுவக் கேப்டன் இல்லை. ஞாயிறு காலைகளில் பெங்களூரைச் சுற்றி நடக்கும் குழுவின் தலைவர். ஏரி, பழைய பங்களா என்றுதான் அவர் கால் போகும். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எந்தக் கேள்வியையும் பதில் எழுதாமல் விட்டதில்லை.

"ஒரே ஒரு நடை நான் கூட்டிட்டுப் போறேன் சார். பாதியில ஒருத்தர் திரும்பினாலும், அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்றேன்.

நடை அன்று பக்கத்து வீட்டுக் கத்திரி அக்காவும் கூடவே கிளம்பிவிட்டார்.

கத்திரி அக்காவிடமிருந்து தப்பித்த நூல் பிசிறு கர்நாடக மாநிலத்திலேயே கிடையாது. ரெடிமேட் துணி ஃபேக்டரியில் பதினேழு வருஷம் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலைக் குட்டிக் கத்திரியால் நறுக்க வேண்டும். ஃபேக்டரியை மூடிவிட்டார்கள், அக்கா கத்திரியை மூடவில்லை. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் காலரை நறுக்குவார். டிராஃபிக் போலீஸ்காரர் அபராதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் பாக்கெட்டில் தொங்கிய நூலை வெட்டி, "இப்ப எழுதுங்க சார், நீட்டா இருக்கு" என்றவர். வேலை முடிந்தால் முதுகில் ஒரு தட்டு: "பாஸ்!"

கேப்டனோடு சேர்த்து எங்களோடு ஏழு பேர் வந்தார்கள். முதல் கால் மணி நேரத்திலேயே கேப்டனின் முதுகுப் பையை இறுக்கும் கயிறு போனது.

"ஐயோ, அது பையோட கயிறும்மா!"

"தொங்கிட்டு இருந்துச்சு சார். எங்க ஃபேக்டரியா இருந்தா பையே ரிஜெக்ட்."

அடுத்து, மூடிக் கிடக்கும் தண்ணீர்ப் பூங்கா. உயரமான சறுக்கு மரத்தின் உச்சியில் ஓர் ஆடு நின்று எங்களை டிக்கெட் கேட்பதுபோல் பார்த்தது. பாதை பூங்காவுக்குள் புகுந்துதான் போகிறது. காவலாளி கையை நீட்டி மறித்தார். நீட்டிய மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு. கயிற்றின் நுனியில் பிசிறு.

"அக்கா, வேணாம்!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், டிக். கயிறு மண்ணில் கிடந்தது.

"என்னம்மா இது! மாதேஸ்வரன் கோயில் கயிறு! என் பொண்டாட்டி வேண்டிக்கிட்டு கட்டினது!"

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "திரும்பிடலாமா?" என்றார், ரொம்ப மரியாதையாக.

அக்கா பதறவில்லை. "பிசிறைத்தான் வெட்டப் போனேன் அண்ணா, முடிச்சும் சேர்ந்து வந்துடுச்சு. என் தப்பு" என்று தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஊசியை எடுத்து, அறுந்த இடத்தைத் தைத்து, கண்ணை மூடி மாதேஸ்வரனைக் கும்பிட்டு, திரும்பக் கட்டினார். "இப்ப பாருங்க, ஏ கிரேடு!"

காவலாளி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

கடைசியாக அக்காவின் ஃபேக்டரி. துருப்பிடித்த கேட்டின் மேல் கொடி படர்ந்திருந்தது. அக்கா நேராகப் போய் கேட் முன்னால் நின்று, சாப்பாட்டுப் பையைத் திறந்து நீட்டினார். யாரும் சட்டை எதையும் எடுத்துப் போகாமலிருக்க, வேலை முடிந்து வெளியே வரும் பெண்கள் தினமும் இப்படித்தான் பையைத் திறந்து காட்ட வேண்டும். பதினேழு வருஷமும் காட்டியிருக்கிறார். இப்போது பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

"சீ, பழக்கம்" என்று பையை மூடப் போனார்.

பின்னால் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. கேப்டன் தன் பையைத் திறந்தபடி அக்காவுக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையாக நின்றார்கள்.

அக்கா திரும்பிப் பார்த்தார். பிறகு இடுப்பில் ஒரு கை வைத்து, ஒவ்வொரு பையாகக் குடைந்து பார்த்தார். "பாஸ். பாஸ். இது என்ன சார், பிஸ்கட்டா? இதை வெளிய விட முடியாது" என்று கேப்டனிடமிருந்து இரண்டை எடுத்துக்கொண்டார்.

பாதியில் யாரும் திரும்பவில்லை.

வரும் ஞாயிறு அதே வழியில் நடை. கூட்டிப் போவது நான் என்று, என் பெயரைப் போட்டே அறிவித்துவிட்டேன். அன்றைக்குப் போட்டுக்கொள்ள ஒரு புது குர்த்தாவும் வாங்கிவிட்டேன். கை ஓரத்தில் ஒரு நூல் தொங்குகிறது. வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.