அரிசிப் பானைக்குள் அரசர்

வரைபடத்தில் இடம் கிடைக்காத நாடுகளில் ஒலிமங்கலமும் ஒன்று. அங்கே மலை உண்டு, கடல் உண்டு, கடலுக்குள் நாலைந்து உப்புத் தீவுகள் உண்டு. எல்லாவற்றையும்விட உயரமாகக் கோபுரங்கள் உண்டு. கோயில் கோபுரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிடக் கூடாது. எல்லாம் செல்போன் கோபுரங்கள். அரசர் பேரொலிவேந்தர் பட்டத்துக்கு வந்த அன்று, தம் குரல் கடைசிக் குடிமகனின் காது வரைக்கும் எட்டும் என்று சத்தியம் செய்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

தினமும் காலையில் நாட்டில் உள்ள எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அடிக்கும். திரையில் ஒரு கிரீடம் தெரியும். எடுக்கும்வரை மணி நிற்காது. எடுத்துவிட்டால் வைக்க முடியாது. அரசர் பேசி முடித்து அவராக வைக்க வேண்டும். ஒலிமங்கலத்து மக்கள் மரியாதை தெரிந்தவர்கள். அழைப்பை ஒழுங்காக எடுப்பார்கள், எடுத்த கையோடு போனை அரிசிப் பானைக்குள் புதைத்து மூடியைப் போட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போவார்கள். அரசர் அரிசியிடம் நாட்டின் வளர்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். யாரும் கற்றுக்கொடுத்த வழக்கமில்லை இது. வீட்டுக்கு வீடு தானாக வந்தது. புது மருமகள் வந்தால் உப்பு ஜாடி எது, புளிப்பானை எது என்று காட்டும்போதே போன் வைக்கிற பானை எது என்றும் காட்டிவிடுவார்கள்.

இந்த நாட்டின் தலைநகரில், தெற்குத் தெருவில், வடிவு என்று ஒருத்தி இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மாசானம் உப்புத் தீவில் பாத்தி வேலைக்குப் போயிருந்தான். போகிற அன்று வீட்டில் பெரிய சண்டை. போக வேண்டாம் என்று அவள் சொல்ல, போயே தீருவேன் என்று அவன் சொல்ல, கடைசியில் அவள் வாய் தவறி, "போனா அப்படியே போயிருங்க. இந்த வாசப்படிய மறுபடி மிதிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வேகத்தில் உள்ளே போய்க் கிரைண்டரையும் ஓடவிட்டுவிட்டாள். அந்தச் சத்தம் நின்றபோது வாசலில் அவன் செருப்பு இல்லை.

தீவிலிருந்து திரும்பிய ஓர் ஆளிடம் அவன் சொல்லி அனுப்பியிருந்தான். உப்புக் காலம் முடிகிறபோது போன் போடுவானாம். வா என்று அவள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவானாம். சொல்லாவிட்டால் மற்ற ஆட்களோடு கப்பலேறித் தூரத்துத் தீவுக்குப் போய்விடுவானாம். அங்கே போனவர்கள் யாரும் இதுவரை திரும்பியதில்லை என்று அந்த ஆள் தன் பங்குக்குச் சேர்த்துச் சொன்னான். அவன் கொடுத்தனுப்பிய சிம்மைப் போட, அன்றைக்கே வடிவு கடைக்குப் போய் ஒரு போன் வாங்கினாள். மாசானத்தின் எண்ணை மாவு அரைக்கும்போதெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள்.

போன் வந்தது, உயிர் வரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் கீழே, 'செயல்படுத்தப்படுகிறது, காத்திருக்கவும்' என்று எழுதியிருந்தது. வடிவு காத்திருந்தாள். பிறகு நாரை கம்பெனிக்குப் போனாள்.

அந்த நாட்டில் பருந்து, நாரை, மயில் என்று மூன்று செல்போன் கம்பெனிகள் இருந்தன. ஒன்றுக்கொன்று கடும் போட்டி. முதலாளிகள் மூவரும் ராணியின் தம்பிகள்.

நாரை கம்பெனியின் அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விசாரித்தார். "சிம்மைக் கழற்றி மறுபடி போட்டீர்களா, அம்மணி?"

"போட்டேன்யா."

"அணைத்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தீர்களா?"

"பாத்தேன்."

"ஜன்னலோரம் நின்றீர்களா?"

"மொட்ட மாடியிலயும் ஏறி நின்னுட்டேன்யா. மழைத் தண்ணித் தொட்டி மேலயும் ஏறிட்டேன்."

"அப்படியானால் கோளாறு எதுவும் இல்லை" என்று அதிகாரி மகிழ்ந்தார். "அரண்மனையிலிருந்து உங்களுக்கு ஓர் உறுதி அழைப்பு வரும். அதை எடுத்தீர்களானால் சிக்னல் வந்துவிடும்."

"சிக்னல் இல்லாம அந்த அழைப்பு எப்படிய்யா வரும்?"

"சிக்னல் வருவதற்காகத்தானே அம்மணி அந்த அழைப்பு?"

அவர் அதைச் சொன்ன பொறுமையைப் பார்த்து, கேட்டதற்காக வடிவுக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அதிகாரி சொன்னது பொய்யில்லை. மறுநாள் காலை கிரீடம் தெரிந்தது, மணி அடித்தது, அரசர் பேசினார், வட்டம் சுற்றுவது நின்றது. அரசரின் குரலுக்கு எந்த நாளும் சிக்னல் தேவைப்பட்டதில்லை. வடிவு ஆசை ஆசையாக மாசானத்தின் எண்ணை அழுத்தினாள். கூ என்றுகூட ஒரு சத்தம் வரவில்லை. மூலையில் இருந்த ஐந்து கோடுகளும் காலியாக இருந்தன.

அவளுக்கு மட்டும் என்றில்லை, ஊருக்கே இதுதான் நிலைமை. தாய் பிள்ளையோடு பேச முடியவில்லை, சரக்குக்காரன் கடைக்காரனோடு பேச முடியவில்லை. முணுமுணுப்பு அரண்மனை வாசல் வரைக்கும் போனதும், தொடர்புத் துறை அமைச்சர் வாகீசர் முதல் ஆணையைப் பிறப்பித்தார். குடிமக்கள் அனைவரும் தத்தம் போனை ஒரே நேரத்தில் அணைத்து, முரசு ஒலித்ததும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும். தேசபக்தியோடு எல்லாரும் அப்படியே செய்தார்கள். அந்த நெரிசலில், அதுவரை மலையுச்சியில் ஏறினாலாவது கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச சிக்னலும் படுத்துவிட்டது.

வாகீசர் அசரவில்லை. மக்களின் குறை என்ன என்று ஆராய ஒரு குழு போட்டார். கோடுகள் காலியாக இருப்பதுதான் மக்களின் குறை என்று குழு கண்டுபிடித்தது. உடனே இரண்டாவது ஆணை வந்தது. இனி எல்லாப் போன்களிலும் ஐந்து கோடுகளும் எப்போதும் நிறைந்தே தெரியும். மறுநாளே தெரிந்தது. அதற்குப் பிறகு சிக்னல் இல்லை என்று புகார் சொன்னவர்களிடம் அவர்களுடைய போனையே வாங்கிக் காட்டி, கண் மருத்துவரிடம் போகச் சொன்னார்கள்.

வடிவு கண் மருத்துவரிடம் போகவில்லை. மயில் கம்பெனிக்குப் போனாள். பிடிக்காதவர்கள் கம்பெனி மாறிக்கொள்ளலாம் என்ற மூன்றாவது ஆணை அப்போதுதான் வந்திருந்தது. இதை மக்களின் சுதந்திர நாளாகக் கொண்டாடி வாணவேடிக்கைகூட நடந்தது. போன் நாரையில் வாங்கியது, அதற்குப் பூட்டு இருக்கிறது, நாரைதான் திறக்க வேண்டும் என்றார்கள் மயிலில். திறந்துவிட்டோம், பருந்துதான் வழிவிட வேண்டும் என்றார்கள் நாரையில். கோபுரம் எங்களுடையதே இல்லை, மயிலுடையது என்றார்கள் பருந்தில். வடிவு வெளியே வந்து அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். மூன்று கம்பெனிக்கும் ஒரே கோபுரம்தான் இருந்தது. அதன் தட்டுகள் எல்லாம் அரண்மனையைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

இதற்குள் வானம் மூட்டம் போட ஆரம்பித்தது. மழை இறங்கினால் உப்புக் காலம் முடிந்தது என்று அர்த்தம். வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. மாவு வாங்க வந்தவர்கள், "என்ன வடிவு, மாவுல உப்பே இல்ல" என்றபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு எந்தச் சொல்லையாவது சொல்லியிருக்கக் கூடாதா அவர்கள்?

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. ஒலிமங்கலத்தில் அரசரையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவரையே தேர்ந்தெடுப்பார்கள். அந்த நாட்டில் ஏழைகள் ஒரு விஷயத்தைத் தெரிவிக்க மிஸ்டு கால் கொடுப்பது பழைய பழக்கம். வந்து சேர்ந்தேன் என்பதற்கும் அதுதான், உன்னை நினைத்துக்கொண்டேன் என்பதற்கும் அதுதான். இந்த அழகான பழக்கத்தை வாகீசர் வாக்குச் சீட்டுக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டார்.

"மக்களின் எந்த அழைப்பும் வீணாகக் கூடாது" என்று சபையில் முழங்கினார். "இணையாத அழைப்புகள் அனைத்தும் இன்று முதல் அரண்மனைக்குத் திருப்பப்படும். ஒவ்வொன்றும் மாட்சிமை தங்கிய மன்னருக்கு அளிக்கப்பட்ட ஆதரவாக எண்ணப்படும்."

எதிர்த்துப் போட்டியிட்டவரும் தமக்கென்று ஓர் எண் வாங்கியிருந்தார். அது இன்னும் செயல்படுத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

வடிவு இதையெல்லாம் அறியவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு அழுத்துவாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு அழுத்துவாள். கடைக்கு ஆள் வந்தால் ஒரு கையால் மாவை அள்ளிப் போட்டுக்கொண்டே மறு கையால் அழுத்துவாள். முன்பு ஒன்றும் கேட்காமல் இருந்த இடத்தில் இப்போது ஒரு குரல் கேட்டது: "தங்கள் ஆதரவுக்கு நன்றி." பிறகு துண்டித்துவிடும். அவள் மறுபடி அழுத்துவாள். அவன் எடுத்தால் என்ன சொல்வது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பெரிய பேச்சு ஒன்றுமில்லை, இரண்டே வாக்கியம்தான்.

தேர்தல் முடிவு வந்தது. பேரொலிவேந்தருக்குக் கிடைத்த ஆதரவு நாட்டின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு. பிரிந்திருப்பவர்கள் அதிகமான நாட்டில் அப்படித்தானே கிடைக்கும்? இவ்வளவு அன்பை எதிர்பார்க்கவில்லை என்று அரசர் மூக்கை உறிஞ்சினார். எல்லாரையும்விட அதிகமுறை அழைத்த குடிமகள் யார் என்று கேட்டார். இரண்டு காவலர்கள் தெற்குத் தெருவுக்கு வந்து, கையில் மாவோடு நின்ற வடிவை அழைத்துப் போனார்கள்.

சபை நிறைந்திருந்தது. அவளுக்குப் பட்டு போர்த்தினார்கள். வாகீசர் அவளுடைய ராஜபக்தியை நெடுநேரம் விவரித்தார். அரசர் குனிந்து, "பெண்ணே, என்ன வேண்டும், கேள்" என்றார்.

வடிவு தயங்கவில்லை. "ஒண்ணும் வேண்டாம்யா. உங்க போன மட்டும் ஒரு வாட்டி குடுங்க. எங்க வீட்டு ஆளுகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுத் தந்துருதேன்."

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். அவருக்கு அன்று நல்ல மனநிலை. தங்க உறை போட்ட போனை எடுத்துக் கொடுத்தார். "இதிலிருந்து போகிற அழைப்பு எங்கும் நின்றதில்லை" என்றார் பெருமையாக.

உண்மைதான். வடிவு எண்ணை அழுத்திய மறுகணமே அந்தப் பக்கம் மணி அடித்தது. ஒரு முறை, இரண்டு முறை. எடுத்துவிட்டார்கள்.

"என்னங்க" என்றாள்.

பதிலுக்குச் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. அரிசி சரிகிற சத்தம். அதன் பிறகு டக்கென்று ஒரு மூடி விழுந்தது. தினமும் காலையில் தன் கையாலேயே செய்கிற காரியம் அல்லவா, அவளுக்குப் புரியாமல் இருக்குமா? அந்தப் பக்கத் திரையில் கிரீடம் தெரிந்திருக்கிறது.

"யாருடே?" என்று எவனோ ஒருவன் தூரத்தில் கேட்டான்.

"அரசர்தான். இன்னைக்கு ரெண்டாவது வாட்டி. தேர்தல்ல ஜெயிச்சுட்டார்லா, நன்றி சொல்லுவாரு போல." மாசானத்தின் குரல்தான். கொஞ்சம் கரகரத்திருந்தது. சளி பிடித்திருக்குமோ என்று நினைத்தாள்.

"ஏங்க, நான் வடிவு. மூடியத் தொறங்க" என்று கத்தினாள். ஒரு படி அரிசிக்கு அடியிலிருந்து யார் கத்தினாலும் அரசர் பேசுகிற மாதிரிதான் கேட்கும்.

"வீட்டுக்குப் பேசினியா?" என்றான் அந்த இன்னொருவன்.

"எத்தன தடவ போடுதது. ஆதரவுக்கு நன்றின்னுதான் எவனோ சொல்லுதான். எடுக்கவே மாட்டேங்கா. கோவம் இன்னும் தீரல அவளுக்கு." எதையோ சுருட்டிக் கட்டுகிற சத்தம் கேட்டது. "விடு. காலையில கப்பல்ல நானும் ஏறிருதேன்."

வடிவு தங்கப் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சபை, அரசர், பட்டு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்த இரண்டு வாக்கியமும் அழுகையோடு வந்தன. "நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க. வந்துருங்க." மறுபடியும் சொன்னாள். "வந்துருங்க."

சபை எழுந்து நின்று கைதட்டியது. அரசரின் கண்கள் பனித்தன. வாகீசர் பாய்ந்து வந்து போனை வாங்கினார். அரண்மனைப் போனில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகும் ஏற்பாடு அவருடையதுதான். மன்னரைப் பற்றிக் குறை பேசிய குடிமக்கள் சார்பாக ஒரு பெண் மன்னிப்புக் கேட்டு, மீண்டும் ஆள வருமாறு கண்ணீரோடு அழைக்கிறாள்; இதைவிட என்ன வேண்டும்? "நாளைய உரையின் தொடக்கத்தில் இதுதான்" என்று அங்கேயே ஆணையிட்டார். தீவுக்கு ஒரு படகு அனுப்பச் சொல்லி வடிவு அரசர் காலில் விழுந்தாள். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டு அவளை மரியாதையாக வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

மறுநாள் மழை இறங்கியது. வழக்கமான நேரத்தில் எல்லாப் போன்களும் அடித்தன. மலையடிவாரத்தில், கடற்கரையில், தீவுகளில், நங்கூரம் எடுத்துக்கொண்டிருந்த கப்பலில்கூட, ஐந்து கோடும் நிறைய, துளி இரைச்சல் இல்லாமல், வடிவின் குரல் போய்ச் சேர்ந்தது. நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க. வந்துருங்க. அந்த நாட்டின் சரித்திரத்தில் ஒரு சாதாரணப் பெண்ணின் குரல் இவ்வளவு தெளிவாக எல்லாரையும் எட்டியது அதுவே முதல் தடவை.

தெற்குத் தெருவில் வடிவு மட்டும் அன்று போனைப் பானையில் போடவில்லை. காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கப்பலில் மாசானம் அழைப்பை ஒழுங்காக எடுத்து, அரிசிப் பானைக்குள் கை முழுக்க விட்டுப் புதைத்து, மூடியை இறுக்கிப் போட்டுவிட்டுக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.