துடைப்பத்துக்கும் அருள்பாலித்த எண்

முத்தியால்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. கூட்டம் மட்டும் நாலு கல்யாணத்துக்கு இருந்தது. எண்ணருள் அடிகள் எழுந்தருளியிருந்தார்! வாசலில் அவருடைய பேனர். அதில் அவரைவிடப் பெரிதாக ஓர் எண்: 142857. இமயமலைக் குகையில், பனிக்குள் கிடைத்ததாம். பனியில் கால்குலேட்டர் வேலை செய்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தையல் வேலை செய்யும் கார்குழலிக்கு வரவே விருப்பமில்லை. மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த அவள் கணவர் கண்ணையன்தான் இழுத்து வந்தார். திங்கட்கிழமை அவருக்குக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன். அதற்கு முன் எண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டுமாம்.

அடிகளின் முறை எளிது. பக்தர் ஆசனத்தில் அமர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவருக்கு ஒன்று, திங்களுக்கு இரண்டு, இப்படியே சனிக்கு ஏழு. அதைக் கொண்டு பேனரில் இருந்த எண்ணைப் பெருக்குவார், விடை பெரிய திரையில் வரும்.

திங்கள்: 285714. செவ்வாய்: 428571. அதே ஆறு இலக்கங்கள், வரிசை கலையாமல் சுற்றிச் சுற்றி வந்தன! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உண்மையைச் சொன்னால், கார்குழலிக்கும் அந்த எண்ணின் ஆட்டம் பிடித்திருந்தது.

கண்ணையன் உட்கார்ந்தார். பிறந்தது சனிக்கிழமை. திரையில் 999999.

மண்டபமே "ஐயோ" என்றது.

"ஆறு இலக்கத்தையும் சனி விழுங்கிட்டான். நாற்பத்தெட்டு நாள் உடம்புல கத்தி படக் கூடாது. தகடு கட்டி, வாராவாரம் பரிகாரம் செய்யணும்" என்றார் அடிகள்.

கண்ணையன் மனைவி பக்கம் திரும்பினார். "கொழலி, ஆபரேஷன் வேணாம்."

குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். கார்குழலி திரையை முறைத்தாள். இந்த எண்ணை எங்கேயோ... அடடே! போன வாரம் ஒரு மீட்டர் துணியை ஏழு சமத் துண்டாக வெட்ட, ஒன்றை ஏழால் வகுத்தபோது செல்போனில் வந்து நின்ற அதே எண்!

விறுவிறுவென்று மேடையேறினாள். கணவரை எழுப்பிவிட்டு, மூலையில் சாய்ந்திருந்த துடைப்பத்தை ஆசனத்தில் வைத்தாள்.

"சாமி, இது புதன்கிழமை பொறந்துச்சு. நாலால பெருக்குங்க."

"அபச்சாரம்!"

"தொடப்பம் பெருக்கத்தானே இருக்கு? பெருக்குய்யா!" என்று முன்வரிசையில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரான்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் கத்தினார்.

அடிகள் கையைக் கட்டிக்கொண்டார். கார்குழலியே அவருடைய கால்குலேட்டரில் தட்டினாள். 571428. துடைப்பத்துக்கும் அருள் வந்துவிட்டது! மண்டபம் சிரிப்பில் குலுங்கியது.

"இப்ப எல்லாரும் போன எடுங்க. ஒண்ண ஏழால வகுங்க."

நூற்றுக்கணக்கான விரல்கள் தட்டின. 0.142857142857...

"எனக்கும் வருது!"

"எங்க மாமியாருக்கும் வருது!"

"பத்து லட்சத்த ஏழால வகுத்தா இதான் வரும், மிச்சம் ஒண்ணு" என்றாள் கார்குழலி. "திரும்ப ஏழால பெருக்குனா பத்து லட்சத்துல அந்த ஒண்ணு மட்டும் கொறையும். அதான் வரிசையா ஒம்போது. இதுல சனி எங்க வந்தான்?"

பின்வாசல் வழியே நழுவிய அடிகளை, தகடு கட்டியிருந்தவர்களே மடக்கினார்கள். எந்தக் குகை என்று கேட்டார்கள். பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் என்று ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

எண் பாவம், அது யாரையும் ஏமாற்றவில்லை. சுற்றுவது அதன் குணம், சுற்றியது. நம் தலை ஏன் கூடவே சுற்றியது? அதைக் கொஞ்சம் யோசியுங்கள், மகாஜனங்களே!