ஆயிரத்து ஐந்நூறு மெகாஹெர்ட்ஸ்

விதிமுறை எல்லாம் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு யாரும் மெனக்கெட வேண்டியதில்லை, அவனே பார்த்துக்கொள்வான். அரசு வேலையில் பம்புசெட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுத்தே ஓய்வுபெற்ற நான் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்து, பாஸ்போர்ட் எடுக்காத பிள்ளையைச் சொந்தக்காரர்கள் கவலையோடு பார்த்த காலம். மகள் ரெஜினாவின் கல்லூரி ப்ராஜெக்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தேன்: ஆயிரத்து ஐந்நூறு மெகாஹெர்ட்ஸ். அப்படியென்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. (எண் இருக்கும்போது அர்த்தம் எதற்கு?) ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம்கூடச் சொன்னேன். அவரும் விவரம் புரியாமலே ஆசீர்வதித்தார்.

அந்தச் சமயத்தில் பட்டுக்கோட்டையிலிருந்து சேவியர் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். சேவியர், ரெஜினாவின் வகுப்புத் தோழன். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. எனக்கு அவன் மதிப்பெண்கள் பிடிக்கவில்லை.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். (அலுவலக மொழியில் இதற்கு ‘இல்லை’ என்று பொருள்.) ரெஜினாவுக்கு அந்த மொழி தெரியும். முகம் வாடிவிட்டது.

பேச்சை மாற்ற, கூடவே வந்திருந்த சேவியரிடம் கம்ப்யூட்டரைக் காட்டினேன். “ஆயிரத்து ஐந்நூறு தம்பி. உங்க வீட்டுல?”

“ஆயிரம்தான் அங்கிள். ஆனா அது நொடிக்கு எத்தன துடிப்புங்கிற கணக்குதான், அத மட்டும் வச்சு வேகத்தச் சொல்ல முடியாதுங்க. ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு வேலை முடியுதுன்னும் பாக்கணும்.”

எனக்குச் சுருக்கென்றது. “அடுத்த ஞாயித்துக்கிழமை உன் பொட்டியக் கொண்டா. ரெண்டையும் ஓட்டிப் பாப்போம். நீ ஜெயிச்சா மேற்கொண்டு பேசலாம்.”

என் மனைவி ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். “பொண்ணு கல்யாணமாங்க இது, ரேக்ளா பந்தயமா?”

சொன்னபடியே சேவியர் வந்தான். பெட்டியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தான். பக்கத்து வீட்டு மானிட்டரை வாங்கி மாட்டினோம். தெருவில் பாதிப் பேர் எங்கள் ஹாலில். (அழைத்தது நான்தான்.) வாய்க்கால்களில் தண்ணீரைப் பங்கிடும் தன் ப்ராஜெக்ட் கணக்கை ரெஜினா இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். அவள் கண் சேவியரின் திரையிலேயே இருந்தது. நானோ என் பெட்டியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சேவியரின் திரையில் விடை வந்துவிட்டது. என்னுடையது பாதியைக்கூடத் தாண்டவில்லை. திரைக்கு நேரே நின்ற எங்கள் குடும்பத்துக்கும் சேவியருக்கும் மட்டும்தான் அது தெரிந்தது.

“கரண்ட் கம்மியா வருது” என்று முணுமுணுத்தேன்.

“ரெண்டும் ஒரே ப்ளக்குலதாங்க இருக்கு” என்றாள் ஸ்டெல்லா, அதே குரலில்.

ரெஜினா என் காதருகே வந்தாள். “மோட்டார் எவ்வளவு வேகமாச் சுத்துதுன்னு பாக்காதீங்க, வாய்க்கால்ல விழுற தண்ணியப் பாருங்கன்னு விவசாயிங்களுக்கு நீங்கதானேப்பா சொல்வீங்க?”

பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். “யாரு சார் ஜெயிச்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள் சேவியர் தன் மானிட்டர்மேல் போர்வையைப் போட்டான். “இன்னும் முடியலைங்க, ரெண்டும் ஓடிக்கிட்டுதான் இருக்கு” என்றான், தெருவுக்கே கேட்கும்படி.

அவனைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. வென்ற பந்தயத்தையும், அதோடு சேர்த்து என் மகளையும், என் மானத்துக்காக மூடி வைத்துவிட்டு நிற்கிறான்.

போர்வையை நானே இழுத்தேன். “மாப்பிள்ளைதான் ஜெயிச்சார்!” என்றேன்.

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். ரெஜினா என் தோளில் முகத்தைப் புதைத்து என் சட்டையை நனைத்தாள். என் கம்ப்யூட்டர் மட்டும் எதுவும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் மெகாஹெர்ட்ஸ். அதுதான் நான் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் என்றே பேத்தி நம்பியிருக்கிறாள். “மெகாஹெர்ட்ஸ் தாத்தாவுக்கு நல்ல சுகம் குடுங்க ஆண்டவரே” என்று தினமும் ஜெபிக்கிறாளாம். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம், இரண்டு சாட்சிகள், அரசிதழில் வெளியீடு எல்லாம் வேண்டும். ஆனாலும் அவளைத் திருத்த வேண்டாம் என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டேன். ஜெபம் உரியவருக்குத்தான் போய்ச் சேருகிறது.