அரைநொடியாரும் அறுபத்திரண்டும்

திறந்து கிடக்கும் கதவைப் பார்த்தாலும், இதைத் திறக்க இன்னும் சுலபமான வழி ஒன்று இருந்தே தீரும் என்று நம்புகிற மனிதர்கள் உண்டு. அவர்களுக்கு இதுவரை யாரும் பெயர் வைக்காததால் நானே வைத்துவிடுகிறேன்: அரைநொடியார். காரணப் பெயர்தான். எந்த வேலையிலும் அரை நொடி மிச்சம் பிடிப்பதற்காக மூன்று நாள் செலவழிப்பவர் என்று பொருள்.

உங்கள் அலுவலகத்தில் நிச்சயம் ஒருவர் இருப்பார். வீட்டிலும் மச்சானாகவோ மாப்பிள்ளையாகவோ ஒருவர் வந்து சேர்ந்திருக்கலாம். கண்டுபிடிப்பது ஒன்றும் கடினமில்லை. கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், சத்தம் கொஞ்சம் அதிகம், குறைக்கலாமே என்று ஸ்பீக்கரின் குமிழை நோக்கிக் கை நீட்டுகிறீர்கள். பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்கும்.

"இன்னுமா சார் கையால குறைக்கிறீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? காலால் குறைக்கும் பழக்கம் எங்கேயாவது இருக்கிறதா? நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அவர் உங்கள் நாற்காலியில் இருப்பார். நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள். அடுத்த ஒன்றரை மணி நேரமும் நின்றுகொண்டுதான் இருப்பீர்கள்.

"ஒரு நாளைக்குப் பத்து தடவை கூட்டிக் குறைக்கிறீங்கன்னு வைங்க. தடவைக்கு அரை நொடி. வருஷத்துக்கு அரை மணி நேரம் சார், சும்மா காத்துல போகுது. இதப் போட்டுட்டா மவுஸ் சக்கரத்த லேசா உருட்டினா போதும்."

கணக்கில் பிழை கிடையாது. மூன்று வருட மிச்சத்தை அன்றைக்கே உங்களிடமிருந்து வசூலித்துக்கொண்டு எழுந்து போகிறார் என்பதைத் தவிர.

அரைநொடியார் காசு கொடுத்து எந்த மென்பொருளையும் வாங்கமாட்டார். விலை சொன்னால் அதன் தரத்தில் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். இலவசமாக இருக்கவேண்டும், இத்தனூண்டு இருக்கவேண்டும், உள்ளே இருப்பதே தெரியக்கூடாது. அப்படி இருப்பதே தெரியாதவையாக அவருடைய கம்ப்யூட்டரில் நாற்பத்தொன்று இருக்கின்றன. அவற்றின் குட்டிக் குட்டிப் படங்கள் திரையின் மூலையில் வரிசை கட்டி நின்று, அங்கே பரம்பரையாகக் குடியிருந்த கடிகாரத்தை எப்போதோ கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிட்டன. மணி பார்க்க அவர் செல்போனை எடுப்பார். அதற்கு எத்தனை நொடி ஆகிறது என்று கேட்டுவிடாதீர்கள். பேச்சை நிறுத்திவிடுவார்.

மென்பொருளை நிறுவும்போது 'சம்மதமா, சம்மதமா' என்று பத்துப் பக்கத்துக்கு நிபந்தனைகள் வருமே, அவற்றை அவர் படித்ததில்லை. சம்மதம், சம்மதம், அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போவார். அவர் உண்மையாகவே நேரத்தை மிச்சம் பிடிக்கும் ஒரே இடம் அதுதான். மவுஸோடு நிற்பாரா? சத்தத்தைக் குறைக்கக் கீபோர்டில் எந்த மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தவேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, திரைக்கு அடியில் ஒட்டிவைப்பார். அந்தத் தாளைப் படிக்கக் கண்ணாடியைத் தேடவேண்டும். கண்ணாடி கிடைப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். சத்தமும் தானாகவே குறைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆட்டிவைக்கும் இந்த மனிதர் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த அரைநொடியார் ஒருவர், அவருடைய அக்காள் நடத்தும் மொழிப் பயிற்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறார். நர்சுகள் வேற்று நாட்டுக்கு வேலைக்குப் போக அந்த நாட்டு மொழியைக் கற்கும் இடம் அது. இரண்டு வகுப்பறை, ஒரு பெரிய கூடம், மாடிப்படிக்கு அடியில் அரைநொடியாரின் மேசை. அக்காளுக்கு ஐந்து மொழி தெரியும். தம்பிக்கு ஒன்று. அதிலும் பாதி 'ஷிஃப்ட்', 'கண்ட்ரோல்' என்றே இருக்கும்.

இந்த வருடம் முதல் தடவையாக அங்கேயே தேர்வு நடத்த அக்காளுக்கு அனுமதி கிடைத்தது. ஏழு வருடமாக அலைந்து வாங்கிய அனுமதி. தேர்வில் எல்லோரும் நடுங்குவது கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதிக்குத்தான்: முப்பத்துநான்கு நிமிட ஒலிப்பதிவு ஒன்று ஓடும், ஒரே ஒரு தடவை, கேட்டுக்கொண்டே விடை எழுதவேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது. கம்ப்யூட்டரில் வேறு எதையும் திறக்கக்கூடாது. சத்தத்தை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம். பதிவு நின்றால் தேர்வு ரத்து, அக்காளின் அனுமதியும் ரத்து. எழுதப்போகும் இருபத்தாறு நர்சுகளில் பாதிப்பேருக்கு வேலை ஆணை வந்து கையில் இருந்தது. சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

முந்தின நாள் மாலை கூடத்துக்குள் வந்த அக்காள், இரண்டு ஸ்பீக்கர்களின் குமிழ்களும் பழுப்பு டேப்பால் சுற்றிக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தார்.

"என்னடா இது, அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி?"

"ரெண்டு எடத்துல அதிகாரம் இருந்தா குழப்பம்க்கா. ஸ்பீக்கர் ஃபுல்லா இருக்கட்டும். கூட்டுறது குறைக்கிறது எல்லாம் மவுஸ் பாத்துக்கும். மூணு சாஃப்ட்வேர் போட்டிருக்கேன்."

"சத்தத்துக்கு மூணா?"

"ஒண்ணு மவுஸுக்கு, ஒண்ணு கீபோர்டுக்கு. அது ரெண்டும் அடிச்சிக்கிச்சு. அதான் நடுவுல ஒண்ணு."

"எவ்வளவு?"

"எல்லாம் ஃப்ரீக்கா."

"அதான் பயமா இருக்கு. நாளைக்கு ஒழுங்கா கேக்குமா கேக்காதா, அத மட்டும் சொல்லு."

அவர் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் காட்டினார். கணீரென்று கேட்டது. சக்கரத்தை உருட்டினார்; ஏறியது, இறங்கியது. பத்து நொடியில் சோதனை முடிந்தது. வாழ்நாள் முழுதும் அரை அரை நொடியாகச் சேர்த்துவைத்தவர், ஒரு நிமிடம் முழுதாக ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம் அல்லவா? பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியமும் இருந்திருக்காது.

ஏனென்றால், நடுவில் போட்ட அந்த மூன்றாவது மென்பொருளில் ஒரு சிறப்பு வசதி இருந்தது. மவுஸ் சக்கரத்தை ஒரு நிமிடம் யாரும் தொடவில்லை என்றால், ஆள் எழுந்து போய்விட்டார் என்று அதுவாகவே முடிவுகட்டி, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அடக்கிவிடும். அடக்கமான மென்பொருள். அதை நிறுவிய அன்று அதற்கும் ஒரு 'சம்மதம்' தட்டியிருந்தார் அரைநொடியார். எது எதற்கு என்று யார் கண்டது?

மறுநாள் தேர்வு தொடங்கியது. மேற்பார்வையாளர் முன்வரிசைக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மெலிந்த மனிதர், மெலிந்த கோப்பு, சிரித்துப் பழக்கமில்லாத முகம். எந்தப் பகுதி ஓடுகிறது என்று தெரிவதற்காகக் கம்ப்யூட்டர் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். பதிவு ஓடியது. இருபத்தாறு பேனாக்களும் தயாராக இருந்தன.

ஒரு நிமிடம் கழிந்ததும், பதிவில் பேசிக்கொண்டிருந்த பெண்மணி ஏதோ ரகசியம் சொல்லப்போகிறவள்போலக் குரலைத் தாழ்த்தினாள். நர்சுகள் முன்னால் சாய்ந்தார்கள். அவள் இன்னும் தாழ்த்தினாள். இவர்கள் இன்னும் சாய்ந்தார்கள். அக்காள் தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஐந்து மொழியிலும் ஒரே அர்த்தம்தான்.

அரைநொடியார் சக்கரத்தை உருட்டினார். குரல் மீண்டது. கையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஒரு நிமிடம் ஆனது. குரல் மறுபடி இறங்கியது. குமிழைத் திருகலாம் என்றால் டேப்புக்குள் அது ஏற்கனவே கடைசிவரை திருகியபடி இருக்கிறது. மென்பொருளைத் திறந்து அந்த வசதியை நிறுத்தலாம் என்றால், வேறு எதையும் திறக்கக்கூடாது. பக்கத்தில் வந்து நின்ற அக்காள் உதடு அசையாமல் கேட்டார்:

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. நிமிஷத்துக்கு ஒரு தடவ உருட்டிக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம்?"

"முப்பத்தோரு நிமிஷம்."

"உருட்டு. கைய எடுத்தே, நான் உன்ன உருட்டிடுவேன்."

ஆக, அரை நொடி மிச்சம் பிடிக்க வந்தவர் முப்பத்தோரு நிமிடம் மவுஸைக் காவல் காத்தார். மூக்கு அரித்தது, சொறியவில்லை. ஒரு தும்மல் வந்தது, விழுங்கினார். ஒரு நிமிடம் ஒரு கட்டம் மேலே, மறு நிமிடம் ஒரு கட்டம் கீழே. சக்கரத்தை உருட்டாமல் ஒரு மனிதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், அவன் எழுந்து போய்விட்டதாகத்தான் அந்த மென்பொருள் நம்பும்.

இதில் அவர் கவனிக்காத சின்ன விஷயம் ஒன்று இருந்தது. சக்கரத்தை உருட்டும்போதெல்லாம், சத்தம் இப்போது எவ்வளவு என்பதை அந்த மென்பொருள் திரையின் நடுவே பச்சை நிறத்தில் பெரிய எண்ணாகக் காட்டும். மூன்று நொடி நிற்கும், மறையும். கம்ப்யூட்டரில் அது உள்ளங்கை அளவு. சுவரில் ஆள் உயரம்.

அறுபது. அறுபத்திரண்டு. அறுபது. அறுபத்திரண்டு.

பதினெட்டாம் கேள்வி: புதிய நோயாளி எந்த எண் படுக்கைக்கு மாற்றப்பட்டார்? பதிவில் இரண்டு பேர் வேகமாகப் பேசி, ஒரு எண்ணைச் சொல்லி, இல்லை இல்லை என்று திருத்தி இன்னொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சரியாக அந்த நேரத்தில் சுவரில் பளிச்சென்று தோன்றியது 62.

கூடம் முழுதும் பேனாக்கள் ஒரே சமயத்தில் அசைந்தன.

மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்தார். பேனாக்களைப் பார்த்தார். கோப்பைத் திறந்தார். பதிவு முடிந்து, விடைத்தாள்களைச் சேகரித்து, நர்சுகள் வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்:

"ஏம்மா, செவுத்துல விடை போட்டுக் காட்டுறதுக்கா அனுமதி வாங்கினீங்க?"

அக்காள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஏழு வருட அலைச்சல் அந்தப் பிடியில் இருந்தது. ஆனால் குரல் அசையவில்லை.

"அது சத்தத்தோட அளவுங்க. பதினெட்டுக்கு விடை என்னன்னு உங்க கோப்புல பாருங்க."

அவர் பார்த்தார். "நாப்பது."

"செவுத்துல வந்தது அறுபத்திரண்டு. சொல்லிக்குடுக்கிறவ தப்பா சொல்லிக்குடுப்பாளா? இதோ நிக்கிறானே என் தம்பி, இவனுக்கு அந்த மொழியில வணக்கம்கூடத் தெரியாது. விடை காட்டணும்னா மொதல்ல விடை தெரியணுமே."

அரைநொடியார் இதற்குமுன் எத்தனையோ பாராட்டுகளை எதிர்பார்த்து ஏமாந்திருக்கிறார். தன்னைக் காப்பாற்றப்போவது தன் அறியாமைதான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வேகமாகத் தலையாட்டினார். கை மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தது. சுவரில் 60 வந்து மறைந்தது.

மேற்பார்வையாளர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறிக்கையில் 'ஒலி தடையின்றிக் கேட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பேனாவை மூடி, கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று, அக்காளுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில், வழியனுப்பக் கூடவே வந்த அரைநொடியாரிடம் கேட்டார்:

"தம்பி, அந்த நம்பர் பச்சையிலதான் வருமா, வேற கலரும் இருக்கா?"

முடிவு ஒரு மாதத்தில் வந்தது. இருபத்தாறு பேரும் தேறிவிட்டார்கள். பதினெட்டாம் கேள்விக்கு மட்டும் இருபத்திரண்டு பேர் அறுபத்திரண்டு என்று எழுதியிருந்தார்கள். சரியாக எழுதிய நால்வரும் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். சுவர் தெரியாததால் வேறு வழியின்றிக் காதால் கேட்டவர்கள். இனிப்போடு வந்த நர்சு ஒருத்தியிடம் அக்காள், காது கேட்டது என்ன, கை எழுதியது என்ன என்று கேட்டபோது அவள் கூசாமல் சொன்னாள்: "நாப்பதுன்னுதான் மேடம் கேட்டுச்சு. ஆனா செவுத்துல சும்மா கெடைக்குது, எப்படி விடறது?"

அக்காள் அன்றே டேப்பைக் கிழித்தெறிந்து, அந்த மூன்றையும் எடுத்துவிடச் சொன்னார். தம்பியும் மறுபேச்சின்றி எடுத்துவிட்டார். மென்பொருள்களைச் சுவடு தெரியாமல் நீக்குவதற்கென்றே நல்ல மென்பொருள் ஒன்று இருக்கிறதாம். ஒன்றரை நொடியில் நீக்கிவிடுமாம். இலவசம்.

நல்ல வேளை, நாம் அப்படி இல்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். உங்கள் ஸ்பீக்கரில் குமிழ் இருக்கிறது. கை நீட்டித்தான் குறைக்கிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவ்வளவு எழுதிய நான், மவுஸ் சக்கரத்தால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த மென்பொருளின் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. படித்துக்கொண்டு வரும்போது, 'பெயரைச் சொல்லியிருக்கலாமே, போட்டுப் பார்த்திருக்கலாமே' என்று எங்கேயாவது தோன்றியதா?

நெடுநேரம் தோன்றியிருக்கவேண்டும் என்பதில்லை. அரை நொடி போதும்.