ஏழாம் எண் நீலக் கவுன் குறித்து அக்காவுக்கு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பி மனைவியும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் அத்தானும் எல்லா அளவிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் வலி இப்போது தேவலையா? முழங்கால் என்று எழுதியதும் பேனாவை ஒரு தடவை கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். காரணம் கீழே வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டு, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டபோது அவள், "என்னை எதுக்கு அண்ணி கேக்கறீங்க, உங்க தம்பியையே கேளுங்க" என்று சொல்லிப் போனை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படித்துவிட்டு யார் பக்கம் நியாயம் என்று சொல்லுங்கள். என் பக்கம் இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் மூத்தவர் வாயால் கேட்டால் ஒரு நிம்மதி.

அவள் பொம்மை சேர்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி ஆரம்பித்தது என்று தெரிந்திருக்காது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், மருந்துக் கடை வேலை முடிந்து வரும் வழியில், பழைய சாமான் விற்கும் கடையொன்றில் நவநாகரிக உடுப்புப் போட்ட பெண் பொம்மை ஒன்றைப் பார்த்திருக்கிறாள். பதினொன்றரை அங்குல உயரம், ஒரு காலில் மட்டும் செருப்பு. பாவமாக இருந்ததாம், வாங்கிவிட்டாள். மற்ற கால் செருப்பைத் தேடிப் போனால், அதை வைத்திருந்தவர் பொம்மையோடு சேர்த்துத்தான் தருவேன் என்றார். அந்த இரண்டாவது பொம்மைக்குக் கைப்பை இல்லை. பொருத்தமான கைப்பை மூன்றாவது ஒருத்தியின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒருத்தியிடம் இல்லாதது இன்னொருத்தியிடம் இருந்து இருந்தே இன்றைக்கு எங்கள் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அறுபத்தொரு பேர் நிற்கிறார்கள். நான் வேலையில் இருந்தவரை அவர்களுக்கும் எனக்கும் எந்தத் தகராறும் இல்லை. காலையில் போவேன், மாலையில் வருவேன், அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்க்க மாட்டேன்.

ஓய்வு பெற்றதுதான் வினை. குழாய்த் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். என்னை "ரிஜெக்ட் சார்" என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்கள், கடைசிப் பத்து வருடம் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். வீட்டோடு இருக்க ஆரம்பித்த முதல் வாரம் வீட்டுக் குழாய்களைச் சோதித்தேன். இரண்டாவது வாரம் கதவுக் கீல்கள். மூன்றாவது வாரம் சோதிக்க எதுவும் மிச்சமில்லாமல் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன், அக்கா. கையில் பூதக்கண்ணாடியும், நூலிழைப் பருமன் வரை அளக்கும் வெர்னியர் அளவுகோலும் இருந்தன.

சும்மா சொல்லக்கூடாது, அதற்குள் ஒரு உலகமே இருக்கிறது. தலைமுடி மண்டையில் வரிசை வரிசையாக நட்டிருக்கும். மலிவான பொம்மைக்கு வகிட்டில் மட்டும் அடர்த்தியாக நட்டுவிட்டுப் பின்மண்டையை வழுக்கையாக விட்டுவிடுவார்கள். கண்ணையும் உதட்டையும் அச்சடிக்கிறார்கள். அச்சு நகர்ந்தால் உதட்டுச் சாயம் கன்னத்துக்குப் போய்விடும். சட்டையைப் பின்பக்கம் பிரஸ் பட்டன் வைத்து மூடினால் நல்ல வேலை, வெல்க்ரோ ஒட்டுப் பட்டை வைத்தால் அது முடியைப் பிடித்து இழுக்கும். இதையெல்லாம் நான்கு நாளில் கற்றுக்கொண்டு அறுபத்தொரு பேருக்கும் அறிக்கை எழுதினேன். பதினெட்டுப் பேர் தேறவில்லை. தேறாதவர்கள் நெற்றியில் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். அவள் வேலையிலிருந்து வந்து பார்த்தாள். ஒவ்வொரு சீட்டாக நகத்தால் உரித்துக்கொண்டே, "இவங்கள்லாம் உங்க கம்பெனிக்கு வேலைக்கு வந்தவங்க இல்லீங்க" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு குழாயை ஐந்நூறு முறை திறந்து மூடிப் பார்ப்போம். பொம்மைக்கு முழங்கால் மூட்டு இருக்கிறது, மடக்கினால் இரண்டு முறை 'டக் டக்' என்று கேட்கும். அது எத்தனை மடக்குக்குத் தாங்கும் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை. அலமாரியின் பின்வரிசையில், யாரும் தேட மாட்டார்கள் என்று தோன்றிய ஒருத்தியை எடுத்து மடக்க உட்கார்ந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது முறை 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, இரண்டாவது சத்தம் வரவில்லை. அவள் சமையலறையிலிருந்து, "என்னங்க அது?" என்றாள். "ஆயுள் சோதனை" என்றேன். வந்து பார்த்தாள். பின்வரிசையில் இருந்தது ஒற்றைச் செருப்போடு வந்த அந்த முதல் பொம்மை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை வாங்கி, ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் ஒரு துண்டுத் துணியைப் போர்த்தினாள். "இனிமே இவ உக்காந்துதான் இருக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

பரிகாரமாக, மாதம் ஒரு முறை பொம்மை சேர்ப்பவர்கள் கூடும் சங்கத்துக்கு நானும் துணைக்கு வருகிறேன் என்றேன். நூலகத்து மாடியில் கூட்டம். தலைவி ஒரு பல் டாக்டரம்மா. அன்றைக்கு உடுப்புப் போட்டி, அவரவர் பொம்மைக்கு அவரவரே தைத்துக் கொண்டுவர வேண்டும். பதினான்கு பொம்மைகளை எண் போட்டு நிறுத்தியிருந்தார்கள், யாருடையது எது என்று தலைவிக்கு மட்டும்தான் தெரியும். வழக்கமாக நடுவராக இருக்கும் ஓவிய ஆசிரியைக்குக் காய்ச்சல். யாரோ என் பழைய வேலையைச் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். உங்கள் தம்பி மனைவி, "வேணாம் டாக்டர், அவரு குழாய் பாத்தவரு" என்றாள். அவர், "நான் மட்டும் என்ன, பல்லு பாக்கறவதானே" என்றார். என் கையில் ஒரு மதிப்பெண் தாளைக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு மணி நேரம் பார்த்தேன், அக்கா. பதினோராம் எண்ணில் வந்து நின்றுவிட்டேன். மழைக்கோட்டு. உள்ளே லைனிங் வைத்துத் தைத்திருந்தது. பை உண்மையான பை, என் வெர்னியரின் நுனி உள்ளே போயிற்று. எள்ளளவு பட்டனுக்குக் காஜா எடுத்திருந்தது. அச்சடித்த முகத்தை அழித்துவிட்டுக் கையால் தீட்டியிருந்தார்கள், இடது புருவம் அரை மில்லிமீட்டர் மேலே இருந்தது. தொழிற்சாலை என்றால் திருப்பி அனுப்பியிருப்பேன். பார்க்கப் பார்க்க அது பிசகாகத் தெரியவில்லை, நம்மிடம் ஏதோ கேட்க வாயெடுக்கிற முகமாகத் தெரிந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக, அளவு தவறியிருந்த ஒன்றுக்கு முதல் மதிப்பெண் போட்டேன். அதன் சொந்தக்காரர் ஒரு பேருந்து ஓட்டுநர். ஒவ்வொரு விரலும் என் கட்டைவிரல் தடிமன். பரிசு வாங்கும்போது அவர், "புருவம் கை நடுங்கிப் போச்சு சார், ஆனா அழிக்க மனசு வரல" என்றார்.

மற்றதற்கெல்லாம் என் குறிப்புகளை டாக்டரம்மா ஒலிபெருக்கியில் வாசித்தார். ஏழாம் எண்ணுக்கு நான் எழுதியது இது: 'நீலக் கவுன். தையல் மிக நேர்த்தி. ஆனால் மனிதர் உடுப்புக்கு எடுத்த கனத்த துணி. இந்த இடுப்பில் மூன்று மடிப்பாக விழுந்து இவளைப் பீப்பாய் ஆக்கிவிட்டது. இவள் நடந்தால் உள்ளே இவள் மட்டும் நடப்பாள், கவுன் அங்கேயே நிற்கும்.' கூட்டம் சிரித்தது. உங்கள் தம்பி மனைவியும் சிரித்தாள், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு. கூட்டம் கலைந்தபோது அவள் மேசைக்குப் போய் ஏழாம் எண்ணை எடுத்துத் தன் பெட்டியில் வைத்தாள்.

திரும்பி வரும் பேருந்தில் நான், "துணி மட்டும்தான் தப்பு, தையல் நல்லாருக்குன்னு எழுதினேனே" என்றேன்.

"நீங்க எழுதினது சரிதான்" என்றாள். "இடுப்பு தடிச்சுப்போச்சுன்னு எனக்கே தெரியும்."

"அப்புறம் என்ன கோவம்?"

அவள் மடியிலிருந்த பெட்டியின் மூடியை ஒரு தடவை அழுத்தி மூடினாள். "நாலு மாசமா உங்க எதிர்ல உக்காந்துதான் அதைத் தைச்சேன். நடுவரா உங்களைப் போட்டதும், போகட்டும், பாத்ததும் கண்டுபிடிச்சிடுவாருன்னு நெனச்சேன். நீங்க அதை யாரோ தைச்சதுன்னு பாத்தீங்க."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தரையில் நீல நூல் கிடக்கிறது, காலில் சுற்றுகிறது என்று நானே இரண்டு முறை குறை சொல்லியிருக்கிறேன். நூல் எங்கிருந்து வருகிறது என்று தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. அறுபத்தொரு பொம்மையின் பின்மண்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன், அக்கா. இதற்கு நானே என் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அதிலிருந்து ஒன்பது நாளாகிறது. சாப்பாடு வருகிறது, காப்பி வருகிறது, பேச்சு வரவில்லை. ஆகவே உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த வாரமே புறப்பட்டு வந்து நான்கு நாள் தங்கி, எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்து வைக்க வேண்டும். உங்கள் அறையைத் துடைத்து, போர்வை மாற்றித் தயாராக வைத்திருக்கிறேன். நான் இனி ஒரு பொம்மையையும் தொட மாட்டேன், எந்த உடுப்பைப் பற்றியும் வாய் திறக்க மாட்டேன் என்று உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இதை அவளிடமும் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவரின் ஆசியும் இந்த வீட்டுக்கு இப்போது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த தம்பி

பின்குறிப்பு: அக்கா, வர வேண்டாம். நேற்று கடிதத்தை மடித்துவிட்டு உறை தேடிக் கூடத்துக்குப் போனேன். அவள் அந்தக் கவுனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே, "இந்த மடிப்பு இன்னும் ஒரு மில்லி உள்ள போகணுமா?" என்றாள். "தெரியல" என்றேன். ஒரு அளவைப் பற்றி நான் தெரியாது என்று சொன்னது என் நினைவில் இதுதான் முதல் தடவை. அவளும் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "அப்ப இந்த முனையைப் பிடிங்க" என்றாள். பிடித்தேன். அடுத்த போட்டிக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பெயர் கொடுத்திருக்கிறோம், ஆணையை மீறியதை நீங்கள்தான் மன்னித்துவிட வேண்டும். உங்கள் கட்டில் இப்போது துணி வெட்டும் மேசையாக இருக்கிறது, அதனால் படுக்க இடமில்லை. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். அவள் முழுவதும் படித்துவிட்டு, "அனுப்புங்க, அண்ணிக்கும் தெரியட்டும்" என்கிறாள். மெல்லிய துணிதான் சரிப்படும் என்பதால், உங்கள் பச்சைப் பட்டுச் சட்டையின் ஒரு கையை மட்டும் வெட்டித் தபாலில் அனுப்பச் சொல்கிறாள். மீதிச் சட்டையை நீங்களே வைத்துக்கொள்ளலாமாம்.