எட்டுப் பைக்கு ஒரு காவல்

"இந்த ஷட்டவுனுக்கு நாம தீம் பார்க் போறோம்!"

எழிலரசன் இதை அறிவித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கையில் கோழிக்கால் இருந்தபோது. கோழிக்கால் கையில் இருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வீரம் வந்துவிடும். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். மே மாதத்தில் ஒரு வாரம் கம்பெனி ஷட்டவுன். வருஷா வருஷம் அந்த வாரம் முழுக்க வடக்குப்பட்டு வீட்டில் ஃபேனுக்குக் கீழே மல்லாந்து, கம்பெனியோடு சேர்ந்து அவனும் ஷட்டவுன் ஆகிவிடுவான். இந்த வருஷம் என்ன தோன்றியதோ, வாயை விட்டுவிட்டான்.

அடுத்த நிமிஷம் வீடு இரண்டுபட்டது. நாலாம் வகுப்பு முடித்திருந்த மகள் பூஜா எச்சில் கையோடு எழுந்து குதித்தாள்.

"ஐய்! அப்பா, நானும் நீயும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துகினு ரோலர் கோஸ்டர் போறோம்! தலைகீழா சுத்துமே, அதுல!"

கோழிக்கால் பாதி வழியில் நின்றது.

"அதுல அம்மாவோட போயேன் கண்ணு."

"அம்மா எதுக்கு? நீதானேப்பா செல்போன் டவர் உச்சில ஏறி நின்னுகினு கை ஆட்டுன?"

இந்த டவர் கதை, பூஜா சாப்பிட அடம் பிடித்த காலத்தில் வாய்க்கு ஒரு மாடியாகக் கட்டியது. உண்மையில் எழிலரசன் டவருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறான். அதற்கே அவனுக்குக் கண் இருட்டியது. இந்த வீட்டில் பத்து வருஷமாக டியூப்லைட் மாற்றுவது மனைவி கலைமதிதான். "ஸ்டூலைப் புடிச்சிக்கிறதுதான் ரிஸ்க்கு. அத்த நான் பாத்துக்கிறேன்" என்று இவன் கீழே நின்றுகொள்வான். தன் பயம் அவளுக்குத் தெரியாது என்பது அவன் நம்பிக்கை. கணவன்மார்கள் நாம் எல்லோரும் அப்படித்தானே நம்பிக்கொண்டிருக்கிறோம்!

கலைமதி வேலை பார்ப்பது சுங்குவார்சத்திரம் பக்கம், சார்ஜர் செய்யும் கம்பெனியில். குவாலிட்டி பிரிவு. ஒரு நாளைக்கு ஆயிரம் சார்ஜரைப் பார்த்து, மயிரளவு கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணால் புருஷனை ஒரு தரம் பார்த்தாள்.

"ரசம் ஊத்தவா?" என்றாள். அவ்வளவுதான்.

பூஜாவின் கண்ணில் எழிலரசன் ஒரு ஹீரோ. அந்த இடத்திலிருந்து கீழே இறங்க அவனுக்கு மனசு இல்லை. ரோலர் கோஸ்டரில் மேலே ஏறத் தைரியமும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டான், பாவம்.

முதல் யோசனை உயரம். நாலடிக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளை அந்த ரைடில் ஏற்றமாட்டார்கள் என்று கம்பெனி கேன்டீனில் ஒருத்தன் சொன்னான். அன்று சாயங்காலமே ஸ்டீல் டேப்போடு வந்து பூஜாவைச் சுவரோடு நிறுத்தினான். நாலடி ஒரு இன்ச். உச்சந்தலை முடியை அமுக்கிப் பார்த்தான். அப்போதும் நாலடி அரை இன்ச்.

"டேப்பு சரியில்ல" என்றான். "கேலிபரேஷன் தேதி முடிஞ்சி போயிருக்கும்."

"அப்டியா? எங்க கம்பெனி டேப்பு வூட்லதான் கீது. போன வாரம்தான் அளவு சரிபாத்து சீல் வெச்சி வந்துது" என்று கலைமதி எடுத்து வந்தாள். அதில் நாலடி ஒன்றரை இன்ச். பூஜா "நான் பாஸ்! நான் பாஸ்!" என்று தெருக்கோடி வரை ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டாவது யோசனை மறுநாள் காலை, கம்பெனி கேட்டில் பிறந்தது. ஆயிரம் பேர் அரக்கப் பரக்க உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். செக்யூரிட்டி மட்டும் நாற்காலியில் ஆற அமர உட்கார்ந்து, எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகா! எந்தக் குடும்பம் எங்கே போனாலும் பைக்கு ஒரு ஆள் காவல் இருந்தாக வேண்டுமே. பையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ரைடுக்கு 'பை பை' சொல்லிவிடலாம். கௌரவமான வேலை. குடும்பத் தலைவனுக்கு ஏற்ற வேலை. ஆனால் ஒரே ஒரு பை என்றால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டே ஏறச் சொல்லிவிடுவார்கள். பைகள் நிறைய வேண்டும்.

"கலை, இன்னா இன்னா எடுத்துகினு போவணும்னு யோசிச்சியா?" என்று அன்றே ஆரம்பித்தான். "துண்டு ஒரு பை. மாத்துத் துணி ஒரு பை. ஈரத் துணிக்கு ஒரு பை."

"ஆமாங்க. செருப்புக்கு ஒண்ணு?"

"சபாஷ்! மருந்துக்கு ஒண்ணு. குடைக்கு ஒண்ணு."

"போர்வை?"

"மே மாசத்துல போர்வையா?"

"தண்ணில நனைஞ்சா பூஜாவுக்குக் குளிரும் இல்ல?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ! பையோட எடுத்துக்கோ!"

சீப்பு, பவுடருக்கு ஒன்று சேர்த்து எட்டுப் பை ஆனது. ஒவ்வொன்றுக்கும் கலைமதி தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து எழிலரசன் சொன்னதற்கெல்லாம் அவள் தலையாட்டியது அந்த ஒரு தடவைதான். அவனுக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

திடீரென்று மாடி ரூமிலிருந்து ஒரு ஆபத்து இறங்கி வந்தது. அங்கே குடியிருக்கும் சுடலை, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், எழிலரசனின் உற்பத்தி லைனிலேயே வேலை. நல்ல பையன். அதுதான் பிரச்சினை.

"அண்ணாச்சி, தீம் பார்க் போறியளாமே! எட்டுப் பையின்னு மதினி சொன்னாவ. ஒத்த ஆளா எப்படிச் சமாளிப்பிய? நானும் வாரேன். எனக்கு இந்த ரைடு கீடெல்லாம் ஒத்துக்கிடாது. பைய நான் பாத்துக்கிடுதேன், நீங்க நிம்மதியா ஏறுங்க."

எழிலரசன் அவசரமாக அவன் தோளில் கை போட்டான்.

"தம்பி, ஊர்ல உங்க அம்மாவைப் பார்த்து எவ்ளோ நாளாச்சு?"

"பொங்கலுக்குப் பாத்தது, அண்ணாச்சி."

"பொங்கலுக்கா! பெத்த மனசு என்னா பாடுபடும்? ஷட்டவுனுக்கு ஊருக்குப் போ. முன்னாடி ரெண்டு நாள் சேத்தே எடுத்துக்கோ. லீவு லெட்டரக் குடு, இப்பவே சைன் பண்றேன்."

மூன்று மாதமாக லீவு கேட்டு நடந்த சுடலைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒங்கள மாதிரி ஒரு சூப்பர்வைசர் கெடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்" என்று போய்விட்டான். எழிலரசன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் திருவிழாதான். பூஜா சோபாவில் உட்கார்ந்து அம்மாவின் துப்பட்டாவை சீட் பெல்ட்டாகக் கட்டிக்கொண்டு தினம் ஒத்திகை பார்த்தாள். காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டு அடித்தாள். தண்ணீரில் இறங்க கலைமதி படப்பைக்குப் போய்ப் புதுச் சுடிதார் வாங்கி வந்து, போட்டுப் போட்டுக் கழற்றினாள். எழிலரசனுக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினான். காவல்காரனுக்கு ஒரு கெத்து வேண்டாமா?

போவதற்குப் பத்து நாள் இருக்கும்போது கலைமதி கேட்டாள்.

"ஏங்க, இவ்ளோ ஐட்டம் கீது. எதையாவது மறந்துட்டா? உங்க கம்பெனில மாதிரி ஒரு டெய்லி செக் ஷீட் போட்டுடட்டுமா? நீங்க சூப்பர்வைசர், நீங்கதான் சைன் பண்ணணும்."

எழிலரசனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தன் தொழில் திறமையை வீட்டில் மதித்த முதல் சந்தர்ப்பம். "தாராளமா! பூஜா, பாத்துக்கோ. அப்பா ஒரு பேப்பர்ல சைன் பண்ணா அது கல்வெட்டு. கலெக்டர் வந்தாலும் அழிக்க முடியாது."

செக் ஷீட் ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. நாற்பது பாயிண்ட். பொடிப் பொடி எழுத்து. பத்து நாளுக்குப் பத்துக் கட்டம். கீழே 'செய்தவர்' என்ற இடத்தில் அப்பா, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் பூஜா. நூலில் ஒரு பேனாகூடத் தொங்கியது.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். எழிலரசன் கம்பெனியில் காலை ஆறு மணிக்கு மிஷின் செக் ஷீட் வரும். முதல் பாயிண்டைப் படிப்பான், டிக். கடைசிப் பாயிண்டைப் படிப்பான், டிக். நடுவில் மேலிருந்து கீழே சர்ரென்று ஒரே இழுப்பு. கையெழுத்து. ஷீட்டில் கோடு ஓடினால்தான் ஷெட்டில் லைன் ஓடும். பதினாறு வருஷப் பழக்கம், கை தானாகப் போகும்.

வீட்டிலும் தானாகப் போனது. ஷிப்ட் முடிந்து வந்து, டிபன் பாக்ஸை வைத்து, 'துண்டு நான்கு' டிக், 'குடை இரண்டு' டிக், நடுவில் சர்ர். கையெழுத்து. பத்து நாளும் தவறவில்லை. பூஜா மட்டும் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்து, படித்து, சிரித்துச் சிரித்துக் கையெழுத்துப் போட்டாள். குழந்தைக்குக் குஷி என்று இவன் நினைத்துக்கொண்டான்.

அந்த நாளும் வந்தது. ஷேர் ஆட்டோக்காரர் எட்டுப் பையையும் பார்த்துவிட்டு, "இன்னா தலைவரே, வூடு மாத்துறீங்களா?" என்று கேட்டார். எழிலரசன் கறுப்புக் கண்ணாடிக்குள் சிரித்தான்.

பார்க்குக்குள் நுழைந்ததும் பூஜா நேராக ரோலர் கோஸ்டருக்கு இழுத்துப் போனாள். யப்பா! வானத்தில் யாரோ இரும்பில் ஜாங்கிரி பிழிந்து வைத்திருந்தார்கள். மேலே ஒரு வண்டி தலைகீழாகப் போனது. அதிலிருந்து வந்த கூச்சல் ஒரகடம் வரைக்கும் கேட்டிருக்கும். எழிலரசன் கீழே ஒரு பெஞ்சைப் பிடித்து, எட்டுப் பையையும் சுற்றி அடுக்கி, நடுவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. பைக்கு நான் காவல்."

கலைமதி விரலில் எதையோ சுழற்றினாள். இரண்டு சாவிகள்.

"லாக்கர்ங்க. முந்தாநேத்தே ஆன்லைன்ல புக் பண்ணி, இப்ப கேட்லயே சாவி வாங்கிட்டேன். பெரிய சைஸ்ல ரெண்டு."

"லாக்கரா? அப்புறம் எதுக்குடி எட்டுப் பை தூக்கினு வந்தோம்?"

"நீங்கதான் ஆசை ஆசையா சொன்னீங்களேன்னு..."

"லாக்கர்லாம் நம்பக் கூடாது. காணாமப் போய்ட்டா?"

"அதான் சாவி உங்க கையிலயே." பைகளை அடைத்துப் பூட்டி, சாவி கோத்த பட்டையை அவன் மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். "காவலும் நீங்களே, சவாரியும் நீங்களே."

"நான் ஏர்றேன்னு எப்போ சொன்னேன்?"

கைப்பைக்குள்ளிருந்து செக் ஷீட் வந்தது. பூஜா விரலை வைத்து உரக்கப் படித்தாள். "இருபத்தேழு. ரோலர் கோஸ்டரில், முதல் வரிசையில், பூஜாவுடன் அப்பா ஏறுவார். ஓகே!"

பத்துக் கட்டம். பத்து டிக். கீழே பத்துக் கையெழுத்து.

படிக்காமல் போட்டேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. மகள் முகத்தைப் பார்த்தான். "கல்வெட்டுப்பா!" என்றாள் அவள்.

எழிலரசன் மனைவியை ஓரமாக இழுத்தான். "கலை, உண்மைய சொல்லிடுறேன். எனக்கு உயரம்னா தல சுத்தும்டி."

"பத்து வருஷமா ஸ்டூலு மேல நின்னுகினு உங்க மூஞ்சியத்தானே பாக்குறேன். எனக்குத் தெரியாதா?" கலைமதியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவளுக்கும் உள்ளுக்குள்ள பயம்தாங்க. அப்பா பக்கத்துல இருந்தாதான் ஏறுவேன்னு என்கிட்ட அழுதா. அவ கைய மட்டும் புடிச்சிக்கோங்க, போதும்."

வரிசையில் போய் நின்றான். பூஜாவின் கை அவன் கைக்குள் ஜில்லென்று இருந்தது. பாவம், குழந்தை நிஜமாகவே பயந்துபோயிருந்தாள்.

வண்டி மெதுவாக மேலே ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு என்ன நடந்தது என்று எழிலரசனுக்கு இன்றுவரை கோவையாகச் சொல்லத் தெரியாது. கீழே நின்ற கலைமதிக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"லைன் ஸ்டாப்! லைன் ஸ்டாப்! டேய் எவன்டா ஆபரேட்டரு, எமர்ஜென்சிய அமுக்குடா!"

வண்டியில் இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது பூஜா. அந்தச் சிரிப்பில் அவள் பயம் போன இடம் தெரியவில்லை.

இறங்கியதும் எழிலரசன் முகத்தைத் தடவிப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடி எங்கேயோ பறந்துவிட்டது. ஆனால் உயிர் இருந்தது. பூஜா அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அப்பா, நீ செம்ம காமெடிப்பா! எனக்குப் பயமே வரக்கூடாதுன்னுதானே அப்டி கத்துன?" என்று கேட்டாள். ஹீரோ ஹீரோவாகவே இருந்தான். நெஞ்சு நிமிர்ந்தது. வாயும் தானாகத் திறந்தது.

"பின்ன? டவர் உச்சில நின்னவன்டி உங்கப்பன். இதெல்லாம் எனக்கு ஒரு உயரமா?"

கலைமதி செக் ஷீட்டை மறுபடி பிரித்தாள்.

"இருபத்தெட்டு. இறங்கியதும், அதே சீட்டில், இன்னொரு ரவுண்டு. ஓகே."